மூளைக் கொழுப்பு

சாய்ந்தமருதில் எந்தப் பெண்ணும் செய்யாத வேலையை றஹீமா செய்துகொண்டிருந்தாள். கீரி மீனுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நீளம்கூட இல்லாத மீன். தோலென்று அதற்கு இருப்பது வெங்காயச் சருகைவிட மெல்லியது. நகத்தால் கிள்ளி இழுத்தால் சதையும் சேர்ந்து வரும். ஒரு மீனை உரித்து முடிப்பதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். உரித்ததை உப்புத் தண்ணீரில் அவித்து, மேலே மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளோடு தண்ணீரை வாழையடியில் கொட்டிவிட்டு, வெள்ளைச் சக்கையாகக் கிடப்பதைப் புருசனுக்குக் கொடுப்பாள். இரண்டு மாதமாக இதே பாடுதான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சபியா உம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னகா றஹீமா, மீனுக்கு உடுப்புக் கழட்டுறாய்? குளிக்க வாக்கப் போறயா?"

"இவருக்கு ராத்தா. மூளையில கொழுப்பாம். டொக்டர் சொன்ன."

"மூளையிலயும் ஏறிட்டா?" சபியா உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ட மாப்பிள்ளைக்கு அது எப்பவோ ஏறினதுதானே கா. அதச் சொல்ல ஒரு டொக்டர் வேணுமா?"

றஹீமாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் உடம்பில் தெம்பில்லை.

கிணற்றடியில் முருங்கை மர நிழலில் ஜவுபர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பைபர் போட்டை அலைக்கு மேலே குதிரை மாதிரித் தாண்ட விட்ட மனிதர். கையிலே ஒன்றுமில்லை, ஆனால் விரல்கள் ஏதோ ஒரு கயிற்றை முடிந்துகொண்டேயிருந்தன.

"றஹீமா, மகள் பள்ளிக்கூடம் உட்டு வந்திட்டாளா?"

"வந்திருவா."

மகள் ஹுஸ்னியா வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பெண். கலியாணச் சட்டைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். வாப்பா கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கும். ஊசியை வைத்துவிட்டு எழுந்து போய், "இஞ்ச இரிக்கன் வாப்பா" என்று சொன்ன காலமும் உண்டு. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, வந்த விருந்தாளியிடம்போல் மரியாதையாகச் சிரித்து, "இரிங்க மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். அதற்கு மறுகா அவள் எழும்புவதில்லை.

வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை றிபாத், மருதமுனைப் பிள்ளை, கைத்தறிச் சாரம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவன். வீடு மகளுக்கு எழுதியாகிவிட்டது. உம்மாவும் வாப்பாவும் பின்னாலே தகரம் போட்ட அறைக்கு ஒதுங்க வேண்டும். அதெல்லாம் நம் பக்கத்து வழமை, அதிலே வருத்தமில்லை. முடிச்சு வேறு இடத்தில் விழுந்திருந்தது. பெண்ணைக் கொடுக்க வலி, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பான ஆண், வேண்டும். வாப்பா இருந்தால் வாப்பாதான் வலி. ஆனால் வாப்பாவுக்குப் புத்தித் தெளிவு வேண்டும். இல்லையென்றால் அந்த உரிமை அவருடைய கூடப்பிறந்த காக்கா அச்சிமுகம்மதுவுக்குப் போகும்.

"எனக்கு என்ட வாப்பாதான் வலி" என்று ஹுஸ்னியா சொல்லிவிட்டாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை.

பள்ளிவாசல் மௌலவி நல்ல மனிதர், வயதில் இளையவர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "ராத்தா, அவர நேர நான் வந்து பாக்கிறன். ஆனா நான் ஒரு மணித்தியாலம் பாத்து என்ன வெளங்கப் போகுது? கூட இரிக்கிற ஆள் நீங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் எடுப்பன்."

அன்றிலிருந்து றஹீமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்று கேளுங்கள். சாராயக் கடை எங்கள் ஊரில் இல்லை. அந்தச் சொல்லைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; 'அந்தப் பழக்கம்' என்பார்கள். ஆனால் வயலைத் தாண்டிப் போகத் தெரிந்தவனுக்குப் போத்தலும் கிடைக்கும், கசிப்பும் கிடைக்கும். கடலில் நல்ல மீன் பட்ட நாளில் சந்தோசத்துக்கென்று தொடங்கி, மீன் படாத நாளில் கவலைக்கென்று தொடர்ந்து, பிறகு மீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. வீட்டுக்குப் பின்பக்கத்தால் வருவார். பிள்ளை தூங்கிவிட்டதா என்று றஹீமா முதலில் பார்ப்பாள். காலையில் யாராவது கேட்டால், "காய்ச்சல்", "கடல் குளிர் புடிச்சிட்டு", "இடுப்பு நோவு". இருபது வருசமாக அந்த மனிதருக்கு வந்த காய்ச்சலுக்குக் கணக்கில்லை. ஊரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரே சொல்: கொழுப்பு. புது எஞ்சின் வாங்கின கொழுப்பு. காசுக் கொழுப்பு. கேட்க ஆளில்லாத கொழுப்பு.

அவர் தின்பதோ ஒன்றுமில்லை. தோணி நிறைய மீன் கொண்டுவந்தவர் ஒரு துண்டு மீனை வாயில் வைக்க மாட்டார். குடிக்கிறவனுக்குப் பசியே அதுதான், சாப்பாடும் அதுதான்.

இரண்டு நோன்புக்கு முந்திக் கடற்கரையில் விழுந்தார். ஆசுபத்திரியில் சேலைனும் ஊசியுமாகக் கிடந்து எழும்பியபோது குடியும் போயிருந்தது, குடித்த ஞாபகமும் சேர்ந்து போயிருந்தது. றஹீமா ஒருநாள் ஆற்றாமையில் கேட்டுவிட்டாள், "இவ்வளவு காலம் குடிச்சீங்களே, என்ன கண்டீங்க?" என்று.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "நானா? தௌபா, தௌபா! ஆர் புள்ள ஒனக்கு இப்படிச் சொன்ன? என்ட உம்மாட பாலுக்கு அப்படி வராது."

கண்ணில் பொய்யில்லை. அதுதான் அவளை உட்கார வைத்தது. இந்த மனிதர் ஒருநாள் தெளிவார், தெளிந்த அன்றைக்கு ஒரேயொரு தரம், 'உன்னை மிச்சம் கஷ்டப்படுத்திட்டன், பொறுத்துக்க' என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்திருந்தாள். சில வருசம் கோபமான பதில், சில வருசம் அழுகைப் பதில், கடைசி வருசங்களில், 'சரி, உடுங்க' என்ற பதில். இப்போது அவர் தெளிந்திருக்கிறார். கேட்க வேண்டிய ஆள்தான் உள்ளே இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு ஹுஸ்னியாவும் கூட வந்தாள். மூளை நரம்பு பார்க்கிற டொக்டர், மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண்பிள்ளை. கண்ணாடிக்குக் கீழே தூக்கமில்லாத கண். வெளியே வரிசை நீளமாக இருந்தது. போன முறையும் அப்படித்தான். அந்த அவசரத்தில்தான் றஹீமா பாதியைக் காதிலும் பாதியை வழியிலும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"மெலிஞ்சுபோயிட்டாரே. சாப்பாடு என்ன குடுக்கிறீங்க அம்மா?"

றஹீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் நல்ல பதில் இருந்தது. "தேங்காப்பால் உடுறல்ல டொக்டர். முட்டையில மஞ்சக்கரு எடுத்துருவன். மீனுக்குத் தோல் உரிச்சு, அவிச்சு, எண்ணெய் மிதக்கிற தண்ணிய ஊத்திட்டுத்தான் குடுக்கிற. ஒரு சொட்டுக் கொழுப்பு அண்ட உடுறல்ல."

டொக்டர் பேனையை வைத்தாள். "ஏன் அப்படி?"

"நீங்கதானே சொன்ன, இவருக்கு மூளைக் கொழுப்பிலதான் பிரச்சின எண்டு."

முதலில் சிரித்தது ஹுஸ்னியாதான். துப்பட்டாவை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. டொக்டருக்கும் தொற்றிக்கொண்டது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஜவுபர். எதற்கென்று தெரியாது, ஆனால் சபையில் எல்லோரும் சிரிக்கும்போது அவர் என்றைக்கும் பின்னின்றவர் அல்ல. நீங்களும் சிரித்துவிடுங்கள், பரவாயில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை. கொழுப்பென்று டொக்டர் வாய் திறந்தால் அதைக் குறை என்றுதான் அர்த்தம். கூட்டச் சொல்லி யார் கேள்விப்பட்டது?

சிரிப்பு ஓய்ந்ததும் டொக்டர் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தாள்.

"அம்மா, மூளையில தண்ணியைக் கழிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல கொழுப்புத்தான். அது இருக்க வேண்டிய கொழுப்பு. கரண்ட் வயருக்கு மேல ஒரு உறை இருக்குதே, நரம்புக்கும் அப்படி ஒரு உறை, கொழுப்பால ஆனது. அதுக்குத் தேவையான நல்ல கொழுப்பில ஒரு வகையை உடம்பு தானா அவ்வளவு செய்யாது, மீன்ல இருந்துதான் எடுக்கும். இவர் கனகாலம் குடிச்சவர். சாப்பாடும் இல்லை. ஈரல் அந்தக் கொழுப்பைப் பக்குவமாக்கி மேல அனுப்புறதை விட்டிட்டுச் சாராயத்தோட மல்லுக்கட்டிக்கொண்டே இருந்திருக்கு. ஏற்கனவே மூளையில இருக்கிறதும் கெட்டுப்போகும். பழைய தேங்காய் எண்ணெய் காறிப்போகுமே, அந்த மாதிரி."

றஹீமா தலையாட்டினாள். காறிப்போன எண்ணெய் அவளுக்குத் தெரியும். போத்தலில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திறந்தால்தான் தெரியும்.

"இன்னுமொண்டும் நடக்கும். மூளை சீனியை எரிச்சுத்தான் ஓடுறது. குடி கூடக் கூட, சாராயம் உடைஞ்சு சமையலுக்கு ஊத்துற வினாகிரி மாதிரி ஒரு சத்து வரும், அதை எரிக்கவும் பழகிடும். எஞ்சின் எண்ணெய் மாறின மாதிரி. குடியை நிப்பாட்டினா அந்த எண்ணெய் இல்லை. பழைய எண்ணெய்க்குத் திரும்பவும் லேசில ஏலாது."

ஜவுபர் இவ்வளவு நேரமும் சுவரில் தொங்கிய மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சட்டென்று திரும்பினார். முகத்தில் வெளிச்சம் ஏறியது.

"அது அப்படித்தான் டொக்டர். பெற்றோல்ல ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெயிலயே கனக்க ஓட்டினா உள்ளுக்குக் கரி புடிச்சிரும். மறுகா பெற்றோல ஊத்தினாலும் எடுக்காது, இருமும். அவசரப்பட்டு இழுக்கப்படாது. கழட்டி, ஊற வச்சி, கரியச் சுரண்டி, பொறுமையாப் பாக்கணும்."

"அதேதான்" என்றாள் டொக்டர். அவளுக்கே ஆச்சரியம். "சரியாச் சொன்னீங்க ஐயா. கழட்டத்தான் ஏலாது எங்களுக்கு."

ஜவுபர் அக்கறையோடு முன்னால் சாய்ந்தார். "பாவம். ஆர்ர எஞ்சின் அது, டொக்டர்?"

ஹுஸ்னியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வரும்போது வாசலில் நின்று அவள்தான் கேட்டாள், இனி நல்லா மீன் கொடுத்தால் வாப்பாவுக்கு எல்லாம் திரும்பி வருமா என்று. டொக்டர் பொய் சொல்லவில்லை. குடிக்காமல் இருப்பதுதான் பெரிய மருந்து, அதிலே மூளை கொஞ்சம் தேறும், நடை தேறும், கைநடுக்கம் குறையும். ஞாபகம் போனதற்கு வைற்றமின் குறைவும் ஒரு காரணம், அந்த ஊசி பிந்தித்தான் கிடைத்திருக்கிறது, போனது போனதாகவே இருக்கலாம் என்றாள். "மீனை மருந்தெண்டு நினைச்சுக் குடுக்காதீங்க தங்கச்சி. சாப்பாடெண்டு குடுங்க."

பஸ்ஸில் றஹீமா புருசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வயல்வெளிக் காற்று அவருடைய நரைத்த தலையைக் கலைத்தது. இருபது வருசமாக ஊர் ஒரு சொல்லைச் சொல்லித் திட்டியது. அவளும் மனசுக்குள் அதே சொல்லைத்தான் சொல்லித் திட்டினாள். கடைசியில் பார்த்தால் இந்த மண்டைக்குள் இல்லாமல் போனது அதுதானாம். இதைப் போய் சபியா உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். பிறகு, சொல்லி என்ன ஆகப் போகிறது என்றும் நினைத்தாள்.

அன்றிலிருந்து மீன் தோலோடு சட்டியில் விழுந்தது. தேங்காய்ப்பால் சொதியில் கீரி, புளியாணத்தில் சூடை மீன். ஜவுபருக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியது. அவ்வளவுதான். ஹுஸ்னியா காலையில் காலையில் வாப்பாவுக்கு முன்னால் குந்தியிருந்து பாடம் சொல்லிக் கொடுத்தாள். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே ராகம். "என்ட மகள் ஹுஸ்னியாவ, றிபாத்துக்கு நிக்காஹ் செஞ்சு வைக்க, ஒங்களுக்கு அனுமதி தாறன்." அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். வெயில் ஏறியதும் கேட்டால், "எந்த றிபாத்? எஞ்சின் திருத்துற பொடியனா?" என்பார்.

அச்சிமுகம்மது ஒருநாள் வந்தார். வலியாக நிற்கப் புதுச் சாரமும் வாங்கி வைத்துவிட்டாராம். கெட்ட மனிதர் அல்ல. தம்பி விழுந்து கிடந்தபோது தோளில் தூக்கியவர் அவர்தான். வாய்தான் கொஞ்சம் கூர்.

"றஹீமா, ஊர் சிரிக்கும். குடிச்சு மூளை பழுதான ஆள் வலியா நிண்டா அந்த நிக்காஹ் கூடுமா கூடாதா எண்டு நாளைக்கு ஆராவது கேட்டா மாப்பிள்ளை ஊட்டார்ர முகம் எங்க போகும்?"

"பெரியவாப்பா, அவர் இப்ப குடிக்கிறல்ல" என்றாள் ஹுஸ்னியா, உள்ளேயிருந்து.

"குடிக்கிறல்லதான் மகள். நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. ஒண்ட வாப்பாக்கு நீ ஆரெண்டு தெரியுமா?"

உள்ளே மணி கோர்க்கிற சின்னச் சத்தம் நின்றுபோனது.

அந்தக் கேள்விதான் றஹீமாவைத் தின்றது. 'ஓம், தெளிவாத்தான் இரிக்கார்' என்று மௌலவியிடம் சொன்னால் போதும். பிள்ளை ஆசைப்பட்டது நடந்துவிடும். ஒரு சொல். இருபது வருசம் காய்ச்சல் என்று சொன்ன வாய்க்கு இது பெரிய வேலையா? ஆனால் அந்தப் பொய்யெல்லாம் வாசலோடு போனவை. இது மகளுடைய நிக்காஹுக்குள் போய் உட்காரும். 'இல்லை' என்று சொன்னாலோ, உயிரோடு இருக்கிற வாப்பாவை அவளே எடுத்து ஒதுக்கி வைத்ததாகும். களைப்பில் சில நேரம் இன்னொரு நினைப்பும் வந்தது: இவருக்கு எதற்கு அந்த மரியாதை? பிள்ளையை வளர்த்தது யார்? அப்படி நினைத்துவிட்டு, அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிவிட்டு, பானையைக் கழுவப் போவாள்.

நிக்காஹுக்கு முந்திய நாள் லுஹர் தொழுகைக்குப் பின் மௌலவி வந்தார். பாய் விரித்து, நடுவிலே சஹனை வைத்தார்கள். ஒரே தட்டில் மூன்று ஆண்கள்: மௌலவி, அச்சிமுகம்மது, ஜவுபர். சோறு, பருப்பு, பொரித்த கீரி, பால் தாராளமாக விட்ட சொதி. ஹுஸ்னியா தண்ணீர் கூசாவோடு கதவோரம் நின்றாள். றஹீமா குசினி வாசலில்.

மௌலவி அவசரப்படவில்லை. இரண்டு பிடி சாப்பிட்ட பிறகுதான் கேட்டார்.

"ஜவுபர் காக்கா, நாளைக்கு என்ன விசேசம்?"

"நாளைக்கா?" ஜவுபர் உற்சாகமானார். "நாளைக்குக் கோமாரிக் கடல்ல இறங்குறம். பாரை மீன் கிடக்காம். நேத்து நான் போய்ப் பாத்திட்டுத்தான் வந்த. நீங்களும் வாங்களன் மௌலவி, தாடியில உப்புப் புடிக்கட்டும்."

அச்சிமுகம்மது சோற்றைப் பார்த்தார். மௌலவி புன்னகைத்தார்.

"இன்ஷா அல்லாஹ். வேற விசேசம்?"

கதவோரத்திலிருந்து ஹுஸ்னியா மெல்ல, "வாப்பா, அந்தச் சொல்லு" என்றாள்.

அவர் கையை நிறுத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கடலில் காற்றைக் கணிக்கிறபோது அவருடைய குரல் அப்படித்தான் இருக்கும்: "என்ட மகள் ஹுஸ்னியாவ றிபாத்துக்கு நிக்காஹ் செஞ்சு வைக்க ஒங்களுக்கு அனுமதி தாறன்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. அச்சிமுகம்மதுகூடத் தலை நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மௌலவி. "மகள் எங்க காக்கா?"

"வந்திருவாள். பள்ளிக்கூடம் உடுற நேரம்தான்."

அப்போதுதான் எல்லோரும் சஹனின் அந்த ஓரத்தைக் கவனித்தார்கள். ஜவுபர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருடைய விரல்கள் தம்பாட்டில் கீரி மீனை நடுவால் பிளந்து, முள்ளை ஒரே இழுவையில் உருவி, மயிர் முள்ளைக்கூட நகத்தால் பொறுக்கி எறிந்து, தோலோடு சதையை மட்டும் ஓரத்தில் சேர்த்து வைத்திருந்தன. சின்னக் குவியல். அதில் மற்றவர்களின் கை படாமல் சோற்றால் ஒரு வரம்பும் கட்டியிருந்தார்.

"இது ஆருக்குக் காக்கா?"

"மகளுக்கு. சின்னப் புள்ளதானே. கீரி அவளுக்கு உசிர். முள்ளுத்தான் பயம். ஒருக்காத் தொண்டையில சிக்கிட்டு, அதுக்குப் பொறகு நான் எடுத்துக் குடுத்தாத்தான் தின்பாள்."

மௌலவி கையை உதறிவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"ராத்தா. நீங்க சொல்லுங்க. நாளைக்கு இவர் அதச் சொல்லக்குள்ள, ஆரப் பத்திச் சொல்றம் எண்டு இவருக்கு வெளங்குமா?"

றஹீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல், கடல் குளிர், இடுப்பு நோவு, எல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றன. பழகின வழி. இந்தத் தரம் அவள் அந்த வழியால் போகவில்லை.

"மகள் ஆரெண்டு அவருக்கு நல்லாத் தெரியும் மௌலவி" என்றாள். "எத்தின வயசெண்டுதான் தெரியாது. பொய் சொல்ல எனக்கு இனி ஏலா. இதுக்குள்ள கூடும், கூடாது எண்டு பாக்கிறது நீங்க."

மௌலவியின் பார்வை சஹனின் ஓரத்துக் குவியலுக்குத் திரும்பிப் போனது. முற்றத்தில் ஒரு காகம் மீன் முள்ளுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

ஹுஸ்னியா கூசாவை நிலத்தில் வைத்தாள். வந்து, ஆண்கள் இருக்கிற சஹன் என்றும் பார்க்காமல், வாப்பாவுக்குப் பக்கத்தில் பாயின் விளிம்பில் குந்தினாள். நாளைய நிக்காஹுக்கான மருதாணி ஒரு கையில் ஏற்கனவே சிவந்திருந்தது. அந்தக் கையால் வரம்புக்குள்ளிருந்து ஒரு துண்டு மீனை எடுத்தாள்.

ஜவுபர் திடுக்கிட்டு அவளுடைய கையைத் தடுக்கப் போனார். பிறகு, என்ன நினைத்தாரோ, நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். அவள் அதை வாயிலிட்டு மெல்லத் தொடங்கியதும், நடுங்காத கையை அவளுடைய தொண்டைக்குக் கிட்ட நீட்டி, ஏதாவது சிக்கினால் எடுத்துவிட ஆயத்தமாக வைத்துக்கொண்டு, அவள் விழுங்கி முடிக்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.